மலைமேல் கை நனைத்த நாள்

எங்கள் அய்யா எங்களை ஊர் பார்க்கக் கூட்டிப்போனது அவருடைய ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் போகாமல் இருந்திருக்கலாம் என்று இந்த வயதிலும் நினைத்துக்கொள்கிறேன்.

பெரியகுளத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். வாசலில் நின்று அண்ணாந்தால் கொடைக்கானல் மலை தெரியும். மேலே வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், சித்திரை வெயிலிலும் கம்பளி போர்த்துகிறார்கள், நம் ஊரில் இல்லாத பழமெல்லாம் அங்கே காய்க்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோமே தவிர, எங்கள் வீட்டில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. சுமை தூக்குகிறவர்கள் போவார்கள், காய்கறி வாங்கி விற்கிறவர்கள் போவார்கள். எங்களுக்கு அங்கே என்ன வேலை? ஒரு மாந்தோப்பு, கொஞ்சம் நஞ்சை, உழவு மாடு. இவற்றை விட்டு அரை நாள் நகர்வதற்கும் அய்யாவுக்கு மனசு வராது.

அப்படிப்பட்டவர் ஒரு பங்குனி மாதத்தில், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஒருநாள் மலைக்குப் போயிட்டு வருவமா?" என்றார். அம்மா கையில் செம்போடு அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்ன திடீர்னு?"

"தெரிஞ்சவுக ஒருத்தரு மேல பழத்தோட்டம் வச்சிருக்காரு. ரொம்ப நாளாக் கூப்புடுறாரு. காலையில போயி சாயங்காலம் வந்துருவம். பிள்ளைக ஏரியப் பாக்கட்டுமே."

எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயது. சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா சேலைக்கு மாறியிருந்தாள். அவள் என்னைப்போலக் குதிக்கவில்லை; ஆனால் மறுநாளே பஸ்ஸில் தலை சுற்றாமல் இருக்க எலுமிச்சம்பழம் பறித்து வைத்துக்கொண்டாள்.

அக்காவின் கல்யாணம்தான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் பேச்சு. பேச்சு என்றால் வாய்விட்டுப் பேசினார்கள் என்று அர்த்தமில்லை. அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள், அய்யா துண்டை உதறிக்கொண்டு வெளியே போவார், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரே அண்ணன், அடுத்த தெருவில் வீடு. அவர் மகனுக்கு அக்கா முறைப்பெண். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் எங்களுக்கு வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பெண்ணை வெளியே பேசுவார்கள். மாமன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது பரிசம் போடலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அய்யாவுக்கும் மாமனுக்கும் முந்தின வருஷம் மடையில் சண்டை. அய்யாவின் முறைத் தண்ணீரை மாமன் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார் என்று அய்யா சொன்னார். மடைப்பலகை தானாகப் பெயர்ந்துவிட்டது என்று மாமன் சொன்னார். எது நிஜமோ, எங்கள் நாற்று ஒரு வயல் காய்ந்தது. வரப்பில் நின்று அய்யா போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. "எம் மக உங்க வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டா" என்றார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பளைக் கோபம், அடுத்த அறுப்புக்குள் ஆறிவிடும் என்று இருந்தாள்.

அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் எனக்குத் தெரியும். மாமன் மகன் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாக வருகிற நேரம் பார்த்து, அக்கா நிறைந்திருக்கிற குடத்தை வாசல் செம்பருத்தியில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீருக்குக் கிளம்புவாள். அந்தச் செடி வேர் அழுகிச் செத்தே போனது.

மலைக்குப் போகிற அன்று விடியுமுன் எழுந்து அம்மா புளிச்சோறு கிளறினாள். நல்லெண்ணெய் மணக்க மணக்க வாழையிலையில் வைத்து மடித்து, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டினாள். முன்பின் தெரியாத ஊரில் யார் வீட்டிலும் போய் உட்காரக் கூடாது என்பது அவள் கொள்கை. அய்யா அக்காவைப் பார்த்து, "அந்த அரக்குச் சேலையக் கட்டிக்கிற ஆத்தா. வெள்ளைக்காரன் நடமாடுற ஊரு" என்றார். அக்கா தினம் கட்டுகிற சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு அரக்குச் சேலை கட்டிக்கொண்டாள். அவிழ்த்து வைத்த சேலையின் முந்தியில் உப்பும் மிளகாய்த்தூளும் முடிச்சாக இருந்தது. மாம்பிஞ்சுக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் முந்தியில் அந்த முடிச்சு இல்லாமல் இருக்காது. தோப்பில் எது விழுந்தாலும் உப்புத் தொட்டுத் தின்பதுதான் எங்கள் பழக்கம். நல்ல சேலையில் முடிந்தால் கறைபடும் என்று அக்கா அன்றைக்கு அதை விட்டுவிட்டு வந்தாள்.

பஸ் ஏறும்போது சோற்று மூட்டையை அய்யாவே வாங்கிக்கொண்டார். மண்வெட்டியைத் தவிர எதையும் தூக்கி அறியாத மனிதர். அம்மா அதையும் கவனித்தாள்.

தேவதானப்பட்டியைச் சுற்றிக்கொண்டு பஸ் மலையேறியது. வளைவுக்கு வளைவு அக்கா எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகில் பிடித்தாள். பாதி வழியில் ஓர் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்தி வண்டிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா இறங்கிப்போய் அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்து, "ஐஸ் மாதிரி இருக்குடி" என்று ஈரக் கையை என் கழுத்தில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்தப் பயணத்தில் நான் திரும்ப நினைக்க விரும்புகிற இடம் அது ஒன்றுதான்.

மேலே இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. ஏரியைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது, அதன் ஓரமாக நடந்தோம். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி படகில் குடை பிடித்துக்கொண்டு போனாள். நின்று பார்க்க எங்களை அய்யா விடவில்லை. அவர் முன்னால் வேகமாக நடந்தார், பிரிகிற பாதைகளில் யாரிடமும் வழி கேட்கவில்லை. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "நீங்க முன்னமே இங்கன வந்திருக்கீகளா?" என்று கேட்டாள். "அடையாளம் சொன்னாக, அதான்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

சரிவில் தகரக் கூரை போட்ட வீடு. அதற்குக் கீழே படி படியாகத் தோட்டம். வாசலில் புதுக்கோலம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கைகூப்பினார். அவர் பக்கத்தில் அவருடைய அக்கா. அந்த அம்மாள் எங்கள் அம்மாவைவிட மூத்தவள், முன்தலை நரைத்தவள். அவள் ஓடிவந்து எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க அத்தை. மாமா, வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

தன்னைவிட மூத்த ஒருத்தி தன்னை அத்தை என்று கூப்பிட்டதும் அம்மா கையை உருவிக்கொண்டாள். எங்கள் வழக்கத்தில் வயதைப் பார்க்காமல் பெண்ணைப் பெற்றவளை அத்தை என்று கூப்பிடுவது மாப்பிள்ளை வீட்டார்தான் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அம்மா அய்யாவைப் பார்த்தாள். அய்யா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டை எங்க?" என்று அம்மா கேட்டாள்.

அய்யா இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "அடடே, பஸ்ஸுலயே வச்சுட்டனே" என்றார்.

அந்த அம்மாள் அதற்குள் என்னையும் அக்காவையும் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வைக்கோல் பரப்பிய பாத்திகளில் தரையோடு தரையாகச் செடிகள். இலைக்கடியில் சிவப்புச் சிவப்பாய்ப் பழங்கள். உடம்பெல்லாம் புள்ளி வைத்த அப்படி ஒரு பழத்தை நாங்கள் கண்டதில்லை. அதற்குப் பெயர் ஸ்ட்ராபெரி என்று பின்னால்தான் என் வாயில் நுழைந்தது. பங்களாக்காரர்கள் இதைச் சர்க்கரையும் பாலாடையும் போட்டுத் தின்பார்கள் என்று அந்த அம்மாள் சொன்னாள். அக்கா ஒன்றைப் பறித்துக் கடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பார்க்கத்தான் அந்தச் சிவப்பு, வாயில் வைத்தால் புளிப்பு. மாம்பிஞ்சு தின்று வளர்ந்தவளுக்குக் கை தானாக முந்திக்குப் போனது. அரக்குச் சேலையின் முந்தியில் முடிச்சு இல்லை.

"கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து கொண்டுவந்து அக்காவின் உள்ளங்கையில் கொட்டினாள். நானும் தொட்டுத் தின்றேன். உப்புப் பட்டதும் பழம் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் போன அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மல்லிகைச்சரம் எல்லாம் தயாராக இருந்ததைப் பார்த்திருக்கிறாள். மல்லிகை மலையில் பூக்கிற பூ இல்லை. அவள் தோட்டத்துக்கு ஏறக்குறைய ஓடிவந்தாள். எங்களைத் தனியாக இழுத்து, "யாரும் இங்கன கை நனைக்கக் கூடாது. தண்ணி குடுத்தாக்கூட வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிற வரை ஒரு வாய்ச் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர் எடுக்க மாட்டோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்கப்புறம் மாட்டேன் என்று சொன்னால் அது பேச்சு மாறியதாக ஆகும், பெயர் கெடுவது பெண்ணுக்குத்தான். இது அக்காவுக்கும் தெரியும். தான் கல்யாணப் பெண்ணாக வந்திருக்கிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அம்மா சொன்னதைக் கேட்டதும் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த அந்த அம்மாள், "பொண்ணே வாய் நனச்சிருச்சே அத்தை, இனி என்ன?" என்று சிரித்தாள்.

"செடியில பறிச்ச பழத்துக்கு என்ன முறை இருக்கு? குருவிகூடத்தான் கொத்திட்டுப் போவுது. இந்த வீட்டு உப்புப் பட்டாத்தான் கை நனச்சது" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் கிட்டே வந்தாள். அக்காவின் மூடிய கையைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். அக்காவின் விரலிடுக்கில் மிளகாய்த்தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டு, "தெனம் முந்தியில முடிஞ்சு வச்சிருப்பியே, இன்னைக்கு எங்கடி போச்சு?" என்றாள்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். தரையில் பாய் விரித்து வரிசையாக இலை போட்டிருந்தது. பச்சைப்பசேல் என்று தலைவாழை இலை. அம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

"இந்தக் குளுருல வாழை ஏது?" என்று கேட்டாள்.

"இங்கன ஏது அத்தை? மாமாதான் நேத்துப் பஸ்ஸுல எலையும் பூவும் குடுத்துவிட்டாக" என்றாள் அந்த அம்மாள் வெள்ளந்தியாக. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சம்மதித்து வந்திருக்கிறோம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

அம்மா அய்யாவைப் பார்த்துச் சொன்னாள்: "தோட்டத்துல எல கொறஞ்சு கெடந்துச்சு. மாடு மேஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அய்யா அவள் பக்கம் திரும்பவில்லை. "பிள்ளையே உப்புத் தின்னுருச்சு. இனி நாம வெறச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே இலைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையோரத்தில் உப்பு வைத்தார்கள். உருளைக்கிழங்கும் பச்சைப் பட்டாணியும் போட்ட குழம்பு, நெய், ரசம், தயிர். அவர் குழம்பை இரண்டாம் தடவையும் வாங்கினார், மூன்றாம் தடவையும் வாங்கினார். மாமனின் மடைப்பலகைக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு உருண்டையாக அவர் விழுங்கியது எங்கள் அக்காவைத்தான் என்று எனக்கு அப்போது புரியவில்லை, பெரியவளான பிறகு புரிந்தது.

அம்மா தோட்டத்தில் போய் நின்றுகொண்டாள். அந்த அம்மாள் அங்கேயும் வந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், தம்பிக்கு மூத்த தாரம் குளிர் சேராமல் இறந்துவிட்டது என்று. "பிள்ளைகுட்டி ஒண்ணும் இல்ல அத்தை, அதனால தொந்தரவு இல்ல" என்றாள். மாப்பிள்ளை என்றாகிவிட்ட அந்த மனிதர் கெட்டவரில்லை. அம்மா சாப்பிடாததைப் பார்த்து இரண்டு முறை வந்து கூப்பிட்டார். அக்காவை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குக் கூச்சம். அவரை வெறுக்கத்தான் நான் ரொம்ப நாள் முயற்சி செய்தேன், முடியவில்லை.

சாயங்காலம் அதே பஸ். நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில், உள்ளே தள்ளி, சோற்று மூட்டை வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மா அதை எடுத்து மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். எனக்கு உருட்டிக் கொடுத்தாள், தானும் தின்றாள். பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கவலையே அவளுக்கு இல்லை. அக்காவிடம் ஓர் உருண்டையை நீட்டினாள். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அய்யா ஒருமுறை தொண்டையைச் செருமினார். "நீங்கதான் சாப்பிட்டாச்சே" என்றாள் அம்மா. அக்கா வழி நெடுக உள்ளங்கையை அரக்குச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மாமன் வந்தார். உட்காரவில்லை. அம்மாவிடம், "கை நனச்சிட்டீகளா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். "அவரு நனச்சாரு" என்றாள் அம்மா. மாமன் வாசல் பக்கம் திரும்பினார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சண்டை போட்டிருக்கலாம், உப்பாவது புளியாவது என்று கத்தியிருக்கலாம். அவருக்கும் முறைதான் பெரிது. வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் நின்று செய்ய வேண்டிய சடங்குக்கு மாமன் வரவில்லை, மாமனுடைய பங்காளி யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். மாமன் மகனுக்கு அந்த ஆவணியிலேயே வேறு பெண் முடித்தார்கள்.

அம்மா குத்திக்காட்டும்போதெல்லாம் அய்யா ஒரே பதிலை வைத்திருந்தார். "நானா மொதல்ல நனச்சேன்? உப்பு வாங்கித் தின்னது அவதான?" திரும்பத் திரும்பச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு தடவை அக்கா தீபாவளிக்கு வந்திருந்தபோது அவள் முன்னாலேயே சொன்னார். அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டில், அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கிற வரை பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது. இதுவும் எங்கள் முறைதான். அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அம்மா பேரப்பிள்ளை முகம் பார்க்கத்தான் அந்த மலை ஏறுவேன் என்று இருந்துவிட்டாள். அய்யா பழக்காலத்தில் வருஷம் ஒருமுறை போவார், துணைக்கு நான். கையில் அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. பஸ்ஸில் ஒரு தடவைகூட அவர் மூட்டையை மறந்து வைக்கவில்லை. அக்கா வீட்டுத் தோட்டத்தில் பேரிமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றைத் தின்று, கொண்டுபோன செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியாக நாங்கள் அப்படிப் போனது ஜெர்மன் சண்டைக் காலத்தில். பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டிய பஸ், ஏற்றத்துக்கு ஏற்றம் இறங்கித் தள்ளினோம். அரிசிக்குத் திண்டாட்டம். அம்மா நொய்யரிசியில்தான் புளிச்சோறு கிளறியிருந்தாள். அத்தானின் அக்கா அதற்குள் இறந்துபோயிருந்தாள். அத்தான் பங்களாக்களுக்குப் பழம் கொடுக்கப் போயிருந்தார். அக்காவின் கைகள் குளிரில் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தன. பழம் பறித்துப் பறித்து நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

அய்யா வழக்கம்போலக் கல்லில் உட்காரப் போனார். அக்கா வாசலில் நின்று, "அய்யா, உள்ள வாங்க" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். பாய் விரித்து ஒரே ஒரு வாழையிலை போட்டிருந்தது. இலையோரத்தில் உப்பு வைத்திருந்தது. பட்டாணிக் குழம்பு வாசம் வந்தது.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல ஆத்தா. பேரனோ பேத்தியோ வரட்டும். வந்து வயிறாரச் சாப்புடுறேன்" என்றார் அய்யா.

"வராது அய்யா. மூத்தவளுக்கும் வரல, எனக்கும் வரல. இனியும் வராது. இன்னைக்கு எங் கைச்சோத்தச் சாப்புடுங்க."

அய்யா மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அக்கா படி இறங்கி வந்தாள்.

"கை நனைக்கக் கூடாத அன்னைக்கு இதே வீட்டுல மூணு வாட்டி கொழம்பு வாங்கிச் சாப்பிட்டீக. இப்ப இது உங்க மக வீடு."

"அன்னைக்கு நீதான ஆத்தா மொதல்ல..." என்று அய்யா ஆரம்பித்தார்.

அக்கா அவரை முடிக்க விடவில்லை. மூட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள். பேரிமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். அம்மாவின் புளிச்சோற்றை நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இலையை வழித்து நக்கினாள். அய்யா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் துணியை உதறி மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு, "நீ உள்ள வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். அவருக்குப் போட்ட இலையில் நான் உட்கார்ந்தேன். உடன்பிறந்தவளுக்கு அந்த முறை இல்லை. உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணிக் குழம்பு, அந்த வீட்டில் அய்யா முதலில் சாப்பிட்ட அதே சாப்பாடு. எங்கிருந்து அரிசி புரட்டினாளோ, போதும் போதும் என்று சொல்லியும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது அய்யா கேட்டார்: "உப்பு ஒறப்பெல்லாம் சரியா இருந்துச்சா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. "சாப்பிட்டுப் பாத்துட்டு வாங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்றேன்.

அவர் நின்றார். திரும்பி அந்தத் தகரக் கூரையைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸுக்கு நிஜமாகவே நேரம் இருந்தது, டிரைவர் அப்போதுதான் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போதாவது அவர் திரும்பிப் போயிருந்தால் நான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மடித்த துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள். "மிச்சம் வைக்காமச் சாப்பிட்டீகளாக்கும்" என்றாள்.

"அக்கா சாப்பிட்டா" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்குப் பஸ்ஸுல ஒரு உருண்ட நீட்டுனேன். இன்னைக்குத்தான் வாங்கிருக்கா" என்றாள்.

அப்புறம் எழுந்து விளக்கை ஏற்றி, பகல் முழுக்கப் பட்டினி கிடந்த அய்யாவுக்கு இலை போட்டாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். இலையோரத்தில் உப்பு மட்டும் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் இருந்த வரைக்கும் அந்த வீட்டில் அவர் இலையில் அம்மா உப்பு வைக்கவில்லை.